24 வருடம் பல்லுக்குள் இருந்த இளஞ்சிவப்பு நூல்

குலசேகரத்தில் எங்களுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். ஷீட் கொண்டுவருகிறவர்கள் எடை போட்டு முடியும்வரை நின்று பேசுவார்கள். பேச்சு பல்லின் பக்கம் திரும்பினால் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ரூட் கேனால் பண்ணினா எத்தனை வருசம் நிக்கும்?" 1999-இல் ஒரு பல்லுக்கு அதைச் செய்து, 2023-இல் அதே பல்லைப் பிரித்து மறுபடியும் செய்துகொண்டவன் நான். அதனால் கேட்கிறார்கள். எடை போடுகிற நேரத்துக்குள் சொல்லி முடிகிற பதில் என்னிடம் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பல் மருத்துவன் இல்லை. ஆனால் ஒரு பொருள் எப்படிப் பழசாகிறது என்று பார்ப்பது எனக்குத் தொழில். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம், மடக்குவோம், இழுப்போம், முகர்வோம். புகை சரியாகப் பிடித்ததா, ஈரம் உள்ளே நிற்கிறதா, பூஞ்சை ஏறியிருக்கிறதா என்று கை சொல்லிவிடும். என் பல்லுக்குள் இருந்ததையும் கடைசியில் அப்படித்தான் பார்க்க வாய்த்தது.

முதல் சிகிச்சை நடந்தபோது எனக்கு 26 வயது. கீழ்த்தாடையில் இடப்பக்கம், முதல் பெரிய கடைவாய்ப்பல். சொத்தை நரம்புவரை இறங்கி, இரண்டு ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்து, நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். நான்கு முறை வரச்சொன்னார். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் திரும்பி வரும்போது வாயெல்லாம் கிராம்பு வாசனையாக இருக்கும். கடைசி நாள் வேர்களை அடைத்து, மேலே வெள்ளி அடைப்பு வைத்து, சின்ன எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேர்களுக்குள் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. "உள்ள வேலை முடிஞ்சுது. ஒரு மாசத்துக்குள்ள மேல கேப் போட்டிரணும்" என்றார்.

ரப்பர் கிலோ 30 ரூபாய்க்குக் கிடந்த வருடம் அது. பால் வெட்டுக் கூலி கொடுத்தால் மிச்சம் இல்லாத நிலை. வலி போய்விட்டது, பல்லும் கடிக்கிறது. கேப்புக்குத் தனியாகப் பணம் எடுக்க மனம் வரவில்லை. போகவில்லை.

2003-இல் அந்தப் பல்லின் நாக்குப் பக்கச் சுவர் உடைந்தது. நல்லவேளையாக ஈறுக்கு மேலேயே உடைந்தது. வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ரூட் கேனால் செய்யும்போது பல்லின் நடுவைக் குடைந்துதான் வேருக்கு வழி எடுப்பார்கள். சொத்தையும் ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும். மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்கள்தான். கடைவாயில் கடிக்கும் கடியை அவை ரொம்ப நாள் தாங்குவதில்லை. அமெரிக்காவில் அகிலினோ, கேப்லன் என்ற இரண்டு பேர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பிறகு கேப் போடாத பற்கள், போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் கண்டிருக்கிறார்கள். எனக்கு யாராவது 1999-இலேயே இதை விளக்கிச் சொல்லியிருந்தால், இரண்டு மாதம் கடன் வாங்கியாவது போட்டிருப்பேன். சரி, உடைந்த பிறகு போட்டேன். உள்ளே உலோகம், வெளியே பீங்கான்.

அது 17 வருடம் அசையாமல் நின்றது. 2020 மே மாதம், ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது, முந்திரிக்கொத்தைக் கடித்ததும் கேப் கழன்று கையில் வந்தது. பல் கிளினிக்குகள் பாதி மூடிக் கிடந்த காலம். வாயைத் திறந்து உட்காரவே பயமாக இருந்த காலமும்கூட. கேப்பைக் கழுவித் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். செப்டம்பரில்தான் போய்த் திரும்ப ஒட்டிக்கொண்டேன். ஒட்டியவர் எக்ஸ்ரே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இடையில் நான்கு மாதம் அந்தப் பல் வாய்க்குள் திறந்து கிடந்தது. வலியே இல்லை. நரம்பு எடுத்த பல் எப்படி வலிக்கும்? வலி இல்லாததை நலமாக இருப்பதாக எடுத்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தவறு இதுதான். 1999-இல் கேப் போடாமல் விட்டதைவிடப் பெரியது.

2023 தொடக்கத்தில் அந்தப் பல்லுக்கு நேராக ஈறில் சின்னப் பரு ஒன்று வந்தது. அழுத்தினால் துளி சீழ் வரும், அடங்கிவிடும், பத்து நாளில் திரும்ப வரும். அப்போதும் வலி இல்லை. இப்படிப் பரு வருவது, வேர் நுனியில் சேரும் சீழ் எலும்பைத் துளைத்து வெளியே வழி கண்டுவிட்டதன் அடையாளம். வழி இருப்பதால் அழுத்தம் ஏறாது, அதனால்தான் வலிக்காது. உப்புத் தண்ணீர் கொப்பளித்து ஆறப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பரு அடங்கினாலும் உள்ளே எலும்பு கரைந்துகொண்டுதான் இருக்கும்.

மார்த்தாண்டத்தில் வேர் சிகிச்சையையே தனிப் படிப்பாகப் படித்த டாக்டர் ஒருவரிடம் போனேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எக்ஸ்ரேயைக் கணினித் திரையில் பெரிதாக்கி, பொறுமையாக எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்: முன்வேர், பின்வேர். பின்வேரில் வெள்ளைக் கோடு நுனிக்குப் பக்கத்தில்வரை போயிருந்தது. முன்வேரில் நுனிக்கு மூன்று மில்லிமீட்டருக்கு முன்பே நின்றுவிட்டது. இரண்டு வேர் நுனியிலும் வட்டமாகக் கறுப்பு நிழல், முன்வேரில் பெரியது. கேப்பின் ஓரத்துக்கு அடியில் இன்னொரு கறுப்பு: சொத்தை.

நான் கேட்டேன்: "உள்ள வெச்ச மருந்து பழசாகிக் கெட்டுப்போச்சா டாக்டர்?"

"பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார். எனக்கு மேல மூடினதுமேலதான் சந்தேகம்" என்றார்.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் தாளை மாட்டி, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி செய்தார். ரப்பர் டேம். 1864-இல் சான்ஃபோர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தொடங்கிய பழக்கம். எச்சில் ஒரு சொட்டும் வேருக்குள் இறங்கக்கூடாது, கழுவும் மருந்து தொண்டைக்குள் போகக்கூடாது, அதற்காக. என் முதல் சிகிச்சையில் பஞ்சுருளைதான் வைத்தார்கள். வேர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றை முன்கூட்டியே கேளுங்கள்: "ரப்பர் டேம் போட்டுச் செய்வீர்களா?" கேட்பதில் தவறே இல்லை. நன்றாகச் செய்கிறவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கேப்பை அறுத்து எடுத்ததும் நாற்றம் அடித்தது. ஒட்டிய சிமென்ட் ஒரு பக்கம் கரைந்து போயிருந்தது. அடியில் சொத்தை பழுப்பாகக் குழைந்து கிடந்தது. அதைச் சுரண்டி வேர்வாயைத் திறந்து, பின்வேருக்குள் ஃபைல் என்ற ஊசி போன்ற மெல்லிய அரம் ஒன்றை அடைப்பின் ஓரமாக இறக்கி, திருகி, மெதுவாக இழுத்தார். அடைப்பு முழுசாக, ஒரே நூலாக வந்துவிட்டது. பஞ்சின்மேல் வைத்துக் காட்டினார்.

மேல் பக்கம் நாலைந்து மில்லிமீட்டர் கறுத்து, வழவழப்பாக, நாற்றத்தோடு இருந்தது. அதற்குக் கீழே நல்ல இளஞ்சிவப்பு. கையுறை கேட்டு வாங்கி, வழக்கமாக ஷீட்டைப் பார்ப்பதுபோல மடக்கிப் பார்த்தேன். வளைந்தது, ஒடியவில்லை. வெடிப்பு இல்லை, பிசுபிசுப்பு இல்லை, உருவமும் மாறவில்லை. 24 வருடம் ஒரு மனிதன் வாயில், உடம்புச் சூட்டில், ஈரத்தில் இருந்த சரக்கு. எங்கள் கடையில் ஷீட்டை ஒரு மழைக்காலம் சரியாக வைக்காவிட்டாலே தரம் இறங்கிவிடும். எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

"பொருள் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"பொருள் நல்லா இருக்கு. ஆனா இழுத்ததும் முழுசா வந்துச்சே, அதுதான் நல்லதில்ல. சுத்திப் பிடிச்சிருந்த பசை போயிருச்சு" என்றார்.

இது புரிய, வேரை எப்படி அடைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நூல்போல இருக்கிற நடுப்பொருள் குட்டா பெர்ச்சா. அது பல்லின் சுவரோடு ஒட்டாது. நூலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியை நிரப்ப ஒரு பசை வைக்கிறார்கள், அதுதான் சீலர். எனக்கு 1999-இல் வைத்தது ஜிங்க் ஆக்சைடையும் யூஜினாலையும் குழைத்த சீலர். யூஜினால் கிராம்பு எண்ணெயின் சாரம். பஸ்ஸில் என்னோடு வந்த வாசனை அதுதான். அந்த வகை சீலருக்கு நல்ல குணங்கள் உண்டு, கிருமியை அடக்கும், பல பத்தாண்டுகளாகக் கைப்பழக்கத்தில் உள்ளது. ஆனால் ஈரம் தொடர்ந்து பட்டால் யூஜினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறி, இறுகியது உதிரத் தொடங்கும். வேரின் அடிப்பகுதியில் வெள்ளைத் துகளாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேல் பாதியில் ஒன்றுமே இல்லை, எச்சில் போய்வந்த வழி அது.

கேப் கழன்று கிடந்த நான்கு மாதத்தை அவரிடம் சொன்னபோது ஒரு பழைய சோதனையைப் பற்றிச் சொன்னார். 1990-இல் டோராபினெஜாட் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும், பிடுங்கிய பற்களின் வேர்களை ஒழுங்காக அடைத்து, மேல்பக்கத்தை மட்டும் மூடாமல் கிருமிகளோடு வைத்துப் பார்த்தார்கள். ஒரு வகைக் கிருமி 19 நாளிலும் இன்னொரு வகை 42 நாளிலும், பாதிக்கும் மேற்பட்ட வேர்களில் நுனிவரை இறங்கிவிட்டன. சோதனைக்கூடத்தில் நடந்ததும் வாயில் நடப்பதும் அப்படியே ஒன்றாகிவிடாது. இருந்தாலும் நாள் கணக்கைப் பாருங்கள். மூடி போன பல் சுமார் மூன்று மாதம் எச்சிலில் திறந்து கிடந்தால், உள் அடைப்பையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பது நல்லது என்பது இந்தத் துறையில் பலர் பின்பற்றும் கணக்கு. நான் நான்கு மாதம் விட்டவன். 2020 செப்டம்பரில் கேப்பைத் திரும்ப ஒட்டியபோது, கிருமிகளை உள்ளே வைத்து மூடிக்கொண்டேன்.

1995-இல் ரே, ட்ரோப் என்ற இருவர் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களை எடுத்துப் பார்த்து, வேர் நுனி நலமாக இருப்பதற்கு, வேரை அடைத்த நேர்த்தியைவிட மேலே மூடிய நேர்த்திதான் அதிகம் உதவுகிறது என்று எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டும் வேண்டும் என்று திருத்தின. என் பல்லில் இரண்டு குறையும் இருந்தன. முன்வேரில் அடைப்பு எட்டவில்லை, அந்த மூன்று மில்லிமீட்டருக்குள் 1999-இலிருந்தே கிருமி கொஞ்சம் தங்கியிருக்கலாம். ஆனால் 21 வருடம் அது அடங்கித்தான் கிடந்தது. மூடி போன பிறகுதான் பரு வந்தது.

அந்த இளஞ்சிவப்பு நூலைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கள் தொழிலுக்கே உறவு என்று தெரிந்தது. குட்டா பெர்ச்சா மலாய்ப் பெயர். மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. நம் ஊர் இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த குடும்பம். சப்போட்டாக் காயைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வருமே, அந்த வம்சம். ரப்பரும் குட்டா பெர்ச்சாவும் வேதியியலில் ஒரே ஐசோப்ரீன் கண்ணிகளால் ஆன சங்கிலிகள். கண்ணி கோத்திருக்கும் பக்கம் மட்டும் வேறு. ரப்பரில் சங்கிலி சுருண்டு கிடப்பதால் இழுபடுகிறது. குட்டா பெர்ச்சாவில் நீளவாக்கில் அடுக்கிக் கிடப்பதால் விறைப்பாக இருக்கிறது, சூடு காட்டினால் இளகுகிறது, ஆறும்போது கொஞ்சம் சுருங்குகிறது. பல்லில் வைக்கும் நூலில் அந்த மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பங்கு ஜிங்க் ஆக்சைடு, அப்புறம் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் சல்ஃபேட் போன்ற ஒரு உப்பு, கொஞ்சம் மெழுகு.

1843-இல் வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து இதை லண்டனுக்கு அனுப்பினார். பல்லுக்கு வரும் முன்பே இது கடலுக்கு அடியில் போய்விட்டது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் உறை. 1871 வாக்கில் சென்னையிலிருந்து பினாங்குக்குப் போட்ட கடலடிக் கம்பிக்கும் இதே உறைதான். காற்றும் வெயிலும் படும் இடத்தில் குட்டா பெர்ச்சா காய்ந்து வெடித்து நொறுங்கும். குளிர்ந்த, இருட்டான கடலடியில் பல பத்தாண்டு தாங்கும். வேருக்குள்ளும் இருட்டு, ஈரம், காற்று இல்லை. என் பல்லில் அது கெடாமல் இருந்ததற்குக் காரணம் இப்போது பிடிபட்டது. ரப்பர் மரம் போல இதைச் சீவிச் சீவி வருடக்கணக்கில் பால் எடுக்க மாட்டார்கள், அப்போது மரத்தையே சாய்த்துதான் எடுத்தார்கள். கம்பிகளுக்காக மலாயாவில் அந்த மரங்கள் ஏராளமாக அழிந்தன. மரத்தை நம்பிப் பிழைக்கிறவன் என்பதால் அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. வேரை அடைக்க இதை முதலில் பயன்படுத்தியவராகச் சொல்லப்படுபவர் பௌமன் என்ற அமெரிக்கர், 1867-இல். 150 வருடம் தாண்டியும் இதன் இடத்தைப் பிடிக்க வந்தவை பல, பிடித்தது ஒன்றும் இல்லை.

அப்படி வந்து போன இரண்டை எங்கள் குடும்பத்திலேயே பார்த்துவிட்டோம்.

ஒன்று வெள்ளி. அம்மாவுக்கு 1970களில் முன்பல் ஒன்றில் வேர் சிகிச்சை செய்தபோது வெள்ளிக் கம்பி வைத்தார்கள். 1930களில் தொடங்கிய முறை. மெல்லிய, வளைந்த வேருக்குள்ளும் கம்பி சுலபமாக இறங்கும், எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும், டாக்டருக்கும் நோயாளிக்கும் திருப்தி. ஆனால் கம்பி உருண்டை, வேரின் குழி உருண்டை இல்லை. இடைவெளி முழுக்க சீலரை நம்பித்தான். அது கரைந்து ஈரம் கம்பியைத் தொட்டதும், கொலுசு கறுப்பதுபோல வெள்ளி அரித்துக் கறுக்கத் தொடங்கும். அரித்து வரும் உப்புகள் சுற்றியிருக்கும் சதைக்கும் எலும்புக்கும் நஞ்சு. அம்மாவின் ஈறு அந்தப் பல்லுக்கு மேலே சாம்பல் நிறமாகவே இருந்தது, பிறவி நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2005-இல் பல்லைப் பிடுங்கியபோது வேருக்குள் கரிக்குச்சி மாதிரி ஒரு ஊசி. எக்ஸ்ரேயில் கடைசிவரை அது அழகான வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது.

இன்னொன்று சிவப்புப் பிசின். அத்தை மகன் 90களில் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போனவர். அங்கே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரிசார்சினாலும் ஃபார்மலினும் கலந்த கலவையை வைத்து அடைத்தார்கள். அந்த நாடுகளில் அன்று வெகு சாதாரணமாக நடந்த முறை, இந்தியாவிலும் சில இடங்களில் இருந்தது. நரம்பை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாவிட்டாலும் மிச்சத்தை இந்த மருந்து பதப்படுத்திவிடும் என்று நம்பிக்கை. பல் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. நிறம்கூடப் போகட்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வீக்கம் வந்தபோது, உள்ளே இறுகியிருந்ததை எந்தக் கரைப்பானாலும் இளக்க முடியவில்லை. இரண்டு டாக்டர்கள் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். துளைத்துக்கொண்டே போனால் பிசினுக்குப் பதிலாகப் பல்லின் சுவர் ஓட்டையாகிவிடும். பிடுங்க வேண்டியதாயிற்று. அந்தப் பொருள் கரையாமல், உதிராமல் கல்லாக நின்றது. நின்றதாலேயே பல் போயிற்று. வேருக்குள் வைக்கும் பொருள் நீடித்து நின்றால் மட்டும் போதாது, தேவைப்படும் நாளில் எடுக்கவும் வர வேண்டும் என்பதை அவர் பல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இளைய வயதில் வேர் சிகிச்சை செய்துகொள்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு அந்தப் பல் இன்னும் 50 வருடம் வேண்டும், அதற்குள் ஒருமுறையாவது யாராவது அதைத் திறக்க நேரலாம்.

மூன்றாவதாக ஒன்றைப் பற்றி டாக்டர் சொன்னார், ரெசிலான். 2004 வாக்கில் வந்த பிளாஸ்டிக் நூல். குட்டா பெர்ச்சா சுவரோடு ஒட்டாது என்ற குறையைத் தீர்க்க, நூல், சீலர், பல் மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி வந்தது. அதன் அடிப்படை பாலிகேப்ரோலாக்டோன் என்ற, உயிர்ப்பொருள்களால் சிதையக்கூடிய பிளாஸ்டிக். கிருமிகளின் நொதிகளே அதை அரித்தன. சில வருடம் கழித்துத் திறந்து பார்த்த பற்களில் நூல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நீண்டகாலக் கணக்கெடுப்பில் குட்டா பெர்ச்சாவைவிட அதிகம் தோற்றது, பத்து வருடத்தில் சந்தையிலிருந்தே போய்விட்டது. புதிதாக வந்ததை முதல் ஐந்து வருட முடிவைப் பார்த்து நம்பிவிட வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் முன்வேரில் இரண்டு குழிகள். அவற்றில் இருந்த அடைப்பு நூலாக வரவில்லை. ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும் எண்ணெய் ஒன்றை விட்டு இளக்கி, சுழலும் ஃபைலால் துகள் துகளாக எடுத்தார். பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் நெடுநேரம் கழுவினார். துணி வெளுக்கிற திரவத்தில் இருக்கும் அதே சேர்மம். முன்பு எட்டாத அந்த மூன்று மில்லிமீட்டரைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை வைத்து மூடி இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதான் வேதியியலில் அது. அதன் காரத்தில் கிருமி பிழைக்காது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் பல்லில் சுண்ணாம்பு தடவிப் பார்க்காதீர்கள், வாய் வெந்துவிடும்.

இரண்டாவது முறை போனபோது பரு மறைந்திருந்தது. எந்த சீலர் வைப்பது என்று என்னையும் உட்கார வைத்துப் பேசினார். எபாக்சி பிசின் வகை மிகக் குறைவாகவே கரையும், பல பத்தாண்டுப் பயன்பாட்டு வரலாறு அதற்கு உண்டு. புதிய வகை பயோசெராமிக், கால்சியம் சிலிகேட்டால் ஆனது. நாம் வீடு கட்டும் சிமென்டின் உறவு. இதற்கு முன்னோடியாக, 1993-இல் அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் எம்.டி.ஏ. என்ற பொருளை உருவாக்கினார்கள். அதன் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமென்ட். உருவாக்கியவர், மேலே சொன்ன கிருமிச் சோதனை செய்த அதே டோராபினெஜாட். பழைய சீலருக்கு ஈரம் எதிரி. இதற்கோ ஈரம் பட்டால்தான் இறுகவே செய்யும், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி. உடம்பும் நன்றாக ஏற்றுக்கொள்கிறது. குறை, இறுகிய பின் கரைப்பான் எதற்கும் இளகாது. அத்தை மகன் பல் எனக்கு ஞாபகம் வந்தது, கேட்டேன். "நடுவுல குட்டா பெர்ச்சா நூல் நுனிவரை இருக்கும் சார். திரும்பத் திறக்கணும்னா அதை இளக்கிட்டே வழி பிடிச்சுப் போகலாம். சீலர் மெல்லிசாத்தான் இருக்கும்" என்றார். அந்த விளக்கத்துக்குப் பிறகு பயோசெராமிக்குக்குச் சம்மதித்தேன். எபாக்சி வைத்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றே மேலே தற்காலிக அடைப்பு வைக்காமல் நிலையான அடைப்பையே வைத்துவிட்டார். எட்டாம் நாள் கேப் வந்துவிட்டது. இந்தமுறை நான்தான் அவசரப்படுத்தினேன்.

ஆறு மாதத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் முன்வேர் நிழல் சுருங்கியிருந்தது. ஒரு வருடத்தில் பின்வேர் நிழல் காணோம். 2025-இல் முன்வேர் நுனியில் மெல்லிய கோடு அளவுக்கு மட்டும் கறுப்பு. எலும்பு நிதானமாகத்தான் வளரும், நான்கு வருடம்வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லி வழிகாட்டுதல் இருக்கிறது. முதல் சிகிச்சைக்குப் பிறகு 24 வருடத்தில் இப்படி ஒருமுறைகூட நான் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில்லை. எடுத்திருந்தால் 2020-இலோ 2021-இலோ நிழல் சின்னதாக இருக்கும்போதே கண்ணில் பட்டிருக்கும்.

இப்போது போனில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். எந்தப் பல், எந்தத் தேதி, உள்ளே என்ன நூல், எந்த சீலர், மேலே என்ன அடைப்பு, கேப் எந்த வகை, கூடவே எக்ஸ்ரே படங்கள். 1999-இல் வைத்த சீலர் எது என்று தெரிய மார்த்தாண்டத்து டாக்டர் என் கிராம்பு வாசனை ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் இதே போலக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். சிகிச்சை முடிகிற நாளில் கேட்டால் டாக்டரே எழுதித் தருவார், பத்து வருடம் கழித்துக் கேட்டால் அவருக்கும் தெரியாது. கேப் லேசாக ஆடினாலோ, அந்தப் பக்கம் நாற்றமோ சுவை மாற்றமோ தெரிந்தாலோ அந்த வாரமே போவது என்று எங்கள் வீட்டில் முடிவு.

அந்த நூலை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். கழுவி, கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கடை மேசையில் ஜன்னல் ஓரமாக வைத்தேன். கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக. மூடி போடவில்லை. போன மாதம் திற்பரப்பு பக்கத்திலிருந்து ஷீட் கொண்டுவரும் பெரியவர் ஒருவர், தன் மகளுக்கு ரூட் கேனால் என்று சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நூலை எடுத்து, அன்று கிளினிக்கில் வளைத்ததுபோல வளைத்துக் காட்டப் போனேன். நிறம் வெளுத்திருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மடக்கியதும் டக்கென்று ஒடிந்து, ஒரு துண்டு தராசுத் தட்டில் போய் விழுந்தது.